யோகனின் பெயரில் ஒரு கையெழுத்து

போன மாசியில் ஒரு வேலையாக எங்கள் பழைய காரியாலயத்துக்குப் போயிருந்தேன். அங்கே இப்போது மூன்று இளம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். யாரோ ஒருவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனதாகச் செய்தி வந்தது. அவர்களில் ஒரு பிள்ளை கைபேசியிலேயே முறைப்பாட்டை அடித்து, பிடித்த இடத்தின் படத்தையும் சேர்த்து மனித உரிமைக் காரியாலயத்துக்கு அனுப்பிவிட்டார். முறைப்பாட்டு இலக்கம் திரும்பி வந்தபோது நான் பிளேன்டீ குடித்து முடித்திருக்கவில்லை.

"அங்கிள், உங்கட காலத்தில இதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?" என்று கேட்டார்.

கடல் நல்லாயிருந்தால் ஒரு நாள் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. மூதூருக்குப் போகிற லோஞ்ச் படகு ஓடினால் ஒரு நாள், ஓடாவிட்டால் தரை வழியாகச் சுற்றி, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, இரண்டு நாள். அதைச் சொன்னதும் இதையெல்லாம் எழுதித் தாருங்கள், சட்டத்தரணிகள் சங்க மலரில் போடுகிறோம் என்றார்கள். எழுதத் தொடங்கினால் எனக்கு ஒரு வழக்குத்தான் முன்னுக்கு வருகிறது.

முதலில் நான் யார் என்று சொல்லவேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவன். திரியாயில் பிறந்து, நிலாவெளி உப்பளத்தில் வேலை செய்து, கந்தளாயில் சீனி ஆலை ஓடிய காலத்தில் கரும்பு ஏற்றி, தம்புள்ளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டி போட்டு, மன்னாரில் வலை தைத்து, பிறகு திருகோணமலைக்கு வந்து துறைமுகத்தில் மூடை தூக்கினேன். ஓரிடத்தில் இரண்டு மாரி இருந்ததில்லை. கல்யாணமும் கட்டினேன். தங்காத மனிதனோடு குடும்பம் நடத்த ஏலாது என்று அவள் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளில் பிழை இல்லை. அந்தச் சுற்றலில் எனக்கு மிஞ்சியது கந்தளாயில் பழகிய சிங்களம் ஒன்றுதான்.

ஒரு சுற்றிவளைப்பில் என்னையும் பிடித்தார்கள். அடையாள அட்டையில் திரியாய், சட்டைப்பையில் மன்னார் பஸ் துண்டு, வாயில் நல்ல சிங்களம். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தது. பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அடி அதிகமில்லை. என்னோடு அடைபட்டிருந்த ஒருவரைப் பார்க்க வந்த ஒரு பெண் சட்டத்தரணி, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். நன்றி சொல்லப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நன்றி கிடக்கட்டும் அண்ணை. நாளைக்கு ஒருக்கா மூதூருக்குப் போய் வர ஏலுமோ?" என்று கேட்டார்.

போனேன். பிறகு பத்தொன்பது வருடம் எழுதுவதும் ஓடித்திரிவதுமாக அவருடைய கிளாக்காக இருந்தேன். என் வாழ்க்கையில் நான் நின்று நிலைத்த ஒரே இடம் அதுதான். அதுவும் நிற்கவிடாத வேலை என்பதால் நிலைத்தேன் போலிருக்கிறது.

அவரை எல்லாரும் சகுந்தலா மிஸ் என்பார்கள். என்னைவிட ஆறு வயது இளையவர். கோவம் வந்தால் குரல் உயராது, தாழும். யாருடைய தாயோ மனைவியோ காரியாலயத்துக்குள் வந்தால் எழுந்து நிற்பார். அவர்கள் கதிரையில் இருந்த பிறகுதான் தான் இருப்பார். அழ விடுவார். அழுது முடிந்ததும் பென்சிலை எடுப்பார். மூன்று கேள்விகள்: கொண்டுபோனதை யார் கண்ணால் கண்டது? அப்போது மணி என்ன? அவர் என்ன உடுப்புப் போட்டிருந்தார்? இந்த மூன்றையும் வெவ்வேறு விதமாக மூன்று முறை கேட்பார். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வந்தால்தான் தாளில் ஏறும்.

நான் ஆரம்பத்தில் எழுதிய முறைப்பாடுகளில் கண்ணீரும் கருணையும் நிறைய இருக்கும். "தாங்கள் தயைகூர்ந்து இரங்கி" என்று தொடங்குவேன். கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர்களைப் பார்த்துப் பழகியது. மிஸ் அவற்றின்மேல் நேராக ஒரு கோடு இழுப்பார். "நாங்கள் பிச்சை கேக்கேல்லை அண்ணை. சட்டத்தில இப்பிடி இருக்கு, நீங்கள் அப்பிடிச் செய்யேல்லை எண்டு சொல்லுறம். அவ்வளவுதான்." கோடுகள் போக மிஞ்சுவது பெயர், இடம், நாள், நேரம். வாசித்தால் தந்தி போல இருக்கும். அந்தத் தந்திக்குத்தான் பதில் வந்தது.

அவர் பழக்கிய இன்னொன்று, எந்தக் கடிதத்துக்கும் இரண்டு பிரதி. ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றதில் கிடைத்த நாளுக்கு முத்திரை குத்துவிக்கவேண்டும். முத்திரை இல்லாமல் திரும்பி வந்தால் நான் போகவே இல்லை என்று அர்த்தம். ஒரு காரியாலயத்தில் முத்திரை பூட்டிய மேசை லாச்சிக்குள் இருக்கிறது, திறப்பு வைத்திருப்பவர் லீவு என்றார்கள். வாசலில் கிடந்த மர வாங்கில் இருந்தேன். பின்னேரம் மூன்று மணிக்குத் திறப்பு எப்படியோ கிடைத்தது. அரசாங்கத்தோடு சண்டை பிடிப்பது பெரும்பாலும் இப்படி வாங்கில் இருப்பதுதான்.

இனி யோகனின் கதை.

மூதூருக்குப் பக்கத்தில், கொட்டியார்க் குடாவின் கரையில் ஒரு சிறிய இறங்குதுறை. தமிழரும் முஸ்லிம்களுமாகப் பத்துப் பதினைந்து பைபர் படகுகள் அங்கேயிருந்து போய் வந்தன. சமாதானக் கதை முறிந்து கெடுபிடி திரும்ப இறுகியிருந்த காலம். கடலுக்குப் போக எல்லாரிடமும் பாஸ் இருக்கவேண்டும். காலையில் துறையிலிருந்த காவலரணில் பாஸைக் கொடுத்துப் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகவேண்டும். திரும்பி வந்ததும் அதே வரிசையில் இரண்டாவது கையெழுத்து வைத்து, பாஸை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

யோகனுக்கு, முழுப் பெயர் யோகராசா, அப்போது முப்பத்திரண்டு வயது. நூர்தீன் நானாவின் படகில் பங்காளி. ஒரு திங்கட்கிழமை பின்னேரம் கரைக்கு வந்து இறங்கியபோது, காவலரணுக்குப் பக்கத்தில் நின்ற சிவில் உடுப்புக்காரர் இருவர் அவரைக் கூப்பிட்டு, ஒரு வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான்கு நாளாக எங்கே என்று தெரியாது. வெள்ளிக்கிழமை இரவு அவருடைய மனைவி தவமணியிடம் ஒரு துண்டு கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, வீட்டைச் சோதித்தபோது, ஒரு பொருளோடு கைது செய்ததாக அதில் இருந்தது. அதற்குள் யோகன் தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு வாக்குமூலத்தில் கையெழுத்தும் வைத்திருந்தார். தடுப்புக் கட்டளையும் வந்தது.

எல்லாமே அந்த நான்கு நாளில் தங்கியிருந்தது. திங்கள் பிடித்தது உண்மையென்றால், அந்த நான்கு நாளும் சட்டத்துக்கு வெளியே. வெள்ளிக்கிழமை வீட்டில் பொருள் கிடைத்தது பொய். வாக்குமூலம் வெறும் தாள். வெள்ளிக்கிழமைதான் உண்மையென்றால், யோகன் எத்தனை வருடம் உள்ளே இருப்பார் என்று யாராலும் சொல்ல ஏலாது.

அதற்குப் பிறகு தவமணி காரியாலயத்துக்கு வந்தபோது நான்தான் குறிப்பு எடுத்தேன். மிஸ் அன்றைக்கு நீதிமன்றத்தில். நேரம், உடுப்பு எல்லாம் கேட்டேன். கண்டவர் நூர்தீன் நானா. தவமணி யோகனின் பாஸையும் கொண்டுவந்து தந்தார். அதையும் வாங்கி, பிரதி எடுத்து, ஆள் பதிவுப் புத்தகத்தில் திரும்பி வந்த கையெழுத்து வைக்கமுன்னே கொண்டுபோகப்பட்டார் என்று முறைப்பாட்டில் எழுதினேன். முத்திரை குத்துவித்தேன். இலக்கம் வாங்கினேன். மிஸ் மனுவைத் தயாரித்தார். ஒரு மாத எல்லைக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் போட்டோம். விசாரணைக்கும் எடுத்தார்கள்.

அரச தரப்புப் பதில் வந்த நாளை என்னால் மறக்க ஏலாது. அதில் பதிவுப் புத்தகத்தின் அந்தத் திங்கட்கிழமைப் பக்கம் பிரதி எடுத்து இணைத்திருந்தது. யோகனின் வரிசையில் இரண்டு கையெழுத்தும் இருந்தன. போனதற்கு ஒன்று, வந்ததற்கு ஒன்று. மனுதாரர் கையெழுத்து வைத்து, பாஸை வாங்கிக்கொண்டு, சுகமாக வீட்டுக்குப் போயிருக்கிறார். எங்களுடைய மனு பொய் என்று முடித்திருந்தார்கள்.

மிஸ் வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். குரல் தாழ்ந்தது. "தேவராசா அண்ணை, இந்தப் பாஸ் எப்பிடி வீட்டுக்கு வந்தது?"

நான் கேட்டிருக்கவில்லை. கடலுக்குப் போன மனிதனின் பாஸ் காவலரணில் இருக்கவேண்டியது. அது தவமணியின் கையில் இருந்தது. நான் அதை வாங்கிப் பிரதியும் எடுத்தேன்; எப்படி வந்தது என்று கேட்கவில்லை. பல வருடம் இந்த வேலையில் இருந்தவன்.

அடுத்த லோஞ்சில் போனேன். நூர்தீன் நானா வலை தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. ஒளிக்கவில்லை.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு வரும்போது ஐஸ் லொறி காத்துக்கொண்டு நிற்கும். படகை மணலில் இழுக்க எல்லாக் கையும் வேண்டும், கையெழுத்து வைக்க ஒரு கை போதும். ஆகவே யார் சும்மா நிற்கிறாரோ அவர் காவலரணுக்குப் போய் எல்லாருக்குமாகக் கையெழுத்து வைத்து, பாஸ்களை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார். காவலில் நின்ற பொடியன்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வரிசை நிரம்பினால் அவர்களுக்குச் சரி. அன்றைக்குப் போனவர் நானா. யோகனை வானில் ஏற்றிக்கொண்டு போன பிறகு, தன் பெயருக்கு வைத்தார். யோகனின் வரிசையிலும் வை என்று காவலாளி சொன்னான். நாள்தோறும் வைக்கிற கையெழுத்து. வைத்துவிட்டார். பாஸையாவது வீட்டில் கொடுப்போம் என்று தவமணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"நல்லதுக்கு எண்டு நெனச்சுத்தான் செஞ்ச. அவன்ட கழுத்தில நானே சுருக்குப் போட்டுட்டன்," என்றார்.

இதைச் சத்தியக்கடதாசியில் சொல்லவேண்டும் என்றேன். அவர் திரும்ப வலையைத் தட்டத் தொடங்கினார். அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று, "படையட புத்தகத்தில கள்ளக் கையெழுத்து வெச்சன் எண்டு இவரே எழுதிக் குடுத்தா, அடுத்த வான் ஆருக்கு வரும்?" என்று கேட்டார்.

திரும்பி வந்து மிஸ்ஸிடம் சொன்னேன். எனக்கு ஒரு யோசனையும் இருந்தது. தவமணியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நானாவின் வீட்டுக்குப் போனால் அவரால் மறுக்க ஏலாது. நல்ல மனிதர், இளகிவிடுவார். மிஸ் பென்சிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொலிஸ் செய்யிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் அண்ணை? ஏலாது எண்டு சொல்ல அந்த மனுசனுக்கு உரிமை இருக்கு. யோகனை வெளியில எடுக்கிறதுக்கு அவரைப் போட்டு அமத்த நான் விடமாட்டன்."

அடுத்த நாள் அவரே என்னோடு லோஞ்சில் வந்தார். நானாவுக்கு முன்னால் இருந்து, சத்தியக்கடதாசி கொடுத்தால் என்ன நடக்கலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பாஸ் போகலாம். விசாரணைக்குக் கூப்பிடலாம். பிடிக்கவும் பிடிக்கலாம். பிடித்தால் தான் வருவார், ஆனால் பிடிக்காமல் தடுக்கத் தன்னால் ஏலாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிவிட்டார். வேண்டும் என்றோ செய்யுங்கள் என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. வரும் வழியில் எனக்கு எரிச்சல். இப்படிப் பயமுறுத்தினால் யார் வருவார் என்று நினைத்தேன்.

ஒன்பது நாள் ஒரு செய்தியும் இல்லை. பதிலுக்குப் பதில் கொடுக்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. பத்தாம் நாள் காலை முதல் லோஞ்சில் நூர்தீன் நானா வந்தார். தனியாக வரவில்லை. அந்தத் துறையின் ஆட்கள் பதினொரு பேர் கூட வந்திருந்தார்கள். எங்கள் காரியாலயத்தில் நான்கு கதிரைதான். மற்றவர்கள் சுவரோடு சாய்ந்து நின்றார்கள். அறை முழுக்க மீன் வாடை.

"நான் மட்டும் சொன்னா நான் கள்ளன் மிஸ்," என்றார் நானா. "நாம எல்லாரும் சொன்னா அது துறையில நடக்கிற நடப்பு. அதான் கதைச்சுப் பேசிக் கூட்டிக்கிட்டு வந்த. வராதவனும் இரிக்கான். அவனைக் குத்தம் சொல்ல ஏலா."

மிஸ் எழுந்து நின்றார். பன்னிரண்டு பேருக்கும் தனித்தனியாக அதே ஆபத்தைத் திரும்பச் சொன்னார். ஒருவரும் எழும்பிப் போகவில்லை. பிறகு ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, புத்தகத்தில் யார் யாருக்காகக் கையெழுத்து வைப்பீர்களோ அதெல்லாம் இதில் வையுங்கள் என்றார். வகுப்பில் சோதனை எழுதுகிறவர்கள் போலக் குனிந்தார்கள். ஒருவர் எட்டுப் பேரின் கையெழுத்தை வைத்தார். பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து, "என்ர கையெழுத்தை என்னைவிட வடிவா வைக்கிறான் மிஸ். என்ர பேங்குப் புத்தகத்தை இவனிட்டக் காட்டிப்போடாதேங்கோ," என்றார். யோகனின் கையெழுத்து ஒன்பது தாள்களில் இருந்தது. எல்லாவற்றிலும் கடைசியில் ஒரே மாதிரி வால்.

ஒரு கிழவர் மட்டும் பேனையைத் தொடவில்லை. உதுமான் என்று பெயர். கேட்டால், எனக்கு எழுதத் தெரியாது என்றார். பள்ளிக்கூடம் போனதில்லை, எங்கேயும் கைநாட்டுத்தான் என்று தன் பாஸை எடுத்துக் காட்டினார். அதில் பெருவிரல் அடையாளம்.

மிஸ் அரச தரப்பு இணைத்திருந்த பதிவுப் பக்கத்தை எடுத்து விரலால் வரிசையைத் தேடினார். உதுமானின் பெயருக்கு நேரே இரண்டு அழகான கையெழுத்துகள் இருந்தன.

"உதுமான் அப்பா, இது ஆர் வெச்சது?"

கிழவர் பக்கத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆருக்குத் தெரியும் மகள். ஆனா வடிவா இரிக்கி."

முழு அறையும் சிரித்தது. மிஸ் சிரித்து நான் கண்டது குறைவு, அன்றைக்குச் சிரித்தார். அரசாங்கம் கொடுத்த பாஸில் கைநாட்டு, அரசாங்கத்தின் புத்தகத்தில் கையெழுத்து. அதற்குமேல் நாங்கள் வாதாடவேண்டியிருக்கவில்லை.

அன்றைக்கு முழு நாளும் தட்டச்சு அடித்தேன். பன்னிரண்டு சத்தியக்கடதாசி, ஒவ்வொன்றுக்கும் ஆறு பிரதி. கார்பன் தாள் முடிந்து, கடைக்கு ஓடி வாங்கி வந்தேன். ஒவ்வொருவருக்கும் அவருடையதை வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, பிழை சொன்னால் திரும்ப அடித்தேன். "ஐஸ் லொறி" என்று அடித்ததை ஒருவர் மறித்து, அது லொறியில்லை, சின்னப் பட்டா வாகனம் என்றார். மிஸ் திருத்தச் சொன்னார். திருத்தினேன். கையொப்பத்தை உறுதிப்படுத்த வந்த சமாதான நீதவான் விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியை மறந்து வந்துவிட்டேன் என்று எழும்பினார். கண்ணாடி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. நானா அதை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டார்.

பிரதிகள் அரச தரப்புக்குப் போய்ச் சேர்ந்து நான்காம் நாள் பன்னிரண்டு பேரின் பாஸையும் வாங்கிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை.

கொழும்பில் வழக்குக் கூப்பிட்ட அன்று யோகனையும் கொண்டு வந்திருந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். நீதிமன்றம் தொடங்கமுன்னே அரச சட்டத்தரணி மிஸ்ஸை வராந்தாவில் ஒரு பக்கம் கூப்பிட்டார். மனுவை வாபஸ் வாங்கினால் அந்தக் கிழமைக்குள்ளேயே ஆளை விட்டுவிடுவார்கள். வாங்காவிட்டால் தீர்ப்புவரை போகலாம். அதுவரை ஆள் உள்ளே.

மிஸ்ஸுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது கிடைத்தால் அதை வைத்து இன்னும் எத்தனையோ பேரை எடுக்கலாம். கைநாட்டுக் கிழவரின் கையெழுத்தை நீதியரசர்கள் முன்னால் தூக்கிக் காட்டவேண்டும் என்று அவர் பல நாள் காத்திருந்தார். ஆனால் யோகனிடம் இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு நேரம் எடுத்துச் சொன்னார்.

யோகன் கேட்டு முடித்துவிட்டு, "எனக்குத் தீர்ப்பு வேண்டாம் மிஸ். வீட்டை போகோணும்," என்றார்.

"சரி," என்றார் மிஸ். உள்ளே போய் மனுவை வாபஸ் வாங்கினார்.

திரும்பி அவரோடு பஸ்ஸில் வந்தேன். ஹபரணை தாண்டிய பிறகு, "அந்தப் பன்ரெண்டு கடதாசியையும் ஒருத்தரும் வாசிக்கேல்லை அண்ணை," என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யோகன் வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். துறையில் பன்னிரண்டு பேரும் பாஸ் இல்லாமல் கரையில் இருந்தார்கள். சிலர் விறகு வெட்டினார்கள், சிலர் கூலிக்கு வயலுக்குப் போனார்கள். எட்டுப் பேரின் கையெழுத்தை வைத்தவர் என்னிடம் ஒருநாள் சொன்னார்: "அவன் வீட்டுக்குள்ள, நாங்கள் வெய்யிலுக்குள்ள. நல்ல வழக்கு." நானா அவரை அதட்டினார். ஆள் வந்துவிட்டான், பாஸ் பிறகு வரும் என்றார். ஆனால் அவருடைய முகத்திலும் சந்தோஷம் இல்லை. யோகன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. நானாவைப் பார்க்கவும் போகவில்லை. தவமணியிடம் கேட்டால், பின்பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார், அந்த நான்கு நாளும் எங்கே இருந்தது என்று தன்னிடம்கூடச் சொல்லவில்லை என்றார்.

மிஸ் பன்னிரண்டு பேரின் பெயரிலும் துறைக்குப் பொறுப்பான படை முகாமுக்குக் கடிதம் எழுதினார். பாஸை நிறுத்தியதற்கு எழுத்தில் காரணம் தாருங்கள், அல்லது விசாரணை வையுங்கள். பதில் இல்லை. இன்னொன்று. அதற்கும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் முகாம் வாசலில் நின்று முத்திரை வாங்கினேன். மூன்றாவது கடிதத்தில் முந்திய இரண்டின் முத்திரைத் தேதிகளைப் போட்டு, இனி உயர் நீதிமன்றத்துக்கு வருகிறோம் என்று எழுதினார். விசாரணைக்கு நாள் குறித்தார்கள். மிஸ்ஸை உள்ளே விடவில்லை. மொழிபெயர்க்க ஒருவர் வரலாம் என்றார்கள். நான் போனேன்.

ஒரு நீண்ட அறை. மேசைக்குப் பின்னால் அதிகாரி. பக்கத்தில் வாக்குமூலம் எழுத ஒரு எழுத்தர். பன்னிரண்டு பேரும் சுவரோடு வாங்கில். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கேள்வி ஒன்றுதான்: திங்கட்கிழமை யோகராசா என்பவரைத் துறையில் பிடித்தார்கள் என்று நீங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள். அப்படி ஒரு சம்பவம் எந்தப் பதிவிலும் இல்லை. அந்த ஆளே மனுவை வாபஸ் வாங்கிவிட்டார். அப்படியென்றால் நீங்கள் எல்லாரும் சொன்னது பொய்தானே?

நான் அதைத் தமிழில் சொன்னேன். நானா வானில் ஏற்றியதைக் கண்டார்; அதற்குப் பிறகு நடந்ததைக் காணவில்லை.

அப்போது வாசலில் காவலாளியோடு யாரோ கதைப்பது கேட்டது. தவமணியின் குரல். அவரை யாரும் கூப்பிடவில்லை. யோகனையும் நாங்கள் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று மிஸ் சொல்லியிருந்தார். அதிகாரி யார் என்று கேட்டு, உள்ளே விடச் சொன்னார்.

தவமணிக்குப் பின்னால் வந்த யோகன் அயன் பண்ணிய சட்டை போட்டிருந்தார். சட்டை அவருக்குப் பெரிதாகிவிட்டது. பன்னிரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். நானா வாங்கில் தள்ளி இடம் விட்டார். யோகன் இருக்கவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் போய், இங்கே நீங்கள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, சொன்னால் திரும்பப் பிடிக்கலாம், மிஸ்ஸும் வெளியில்தான் நிற்கிறார் என்று மெதுவாகச் சொன்னேன். மிஸ் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார்.

"தெரியும் அண்ணை," என்றார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். "திங்கள் பின்னேரத்தில இருந்து வெள்ளி மட்டும் நான் எங்க இருந்தனான் எண்டு சொல்லுறன். எழுதச் சொல்லுங்கோ."

நான் சிங்களத்தில் சொன்னேன். எழுத்தர் பேனையைப் பிடித்தபடி அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு எழுது என்று தலையை ஆட்டினார்.

யோகன் தொடங்கினார். வானில் முதலில் எந்தப் பக்கம் திருப்பினார்கள், எத்தனை தரம் நிறுத்தினார்கள், எந்த இடத்தில் கோவில் மணி கேட்டது என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் சொன்னார். தவமணி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டு நின்றார். யோகன் ஒரு வசனம் சொல்லுவார், நிறுத்துவார், நான் அதைச் சிங்களத்தில் சொல்லுவேன், எழுத்தர் எழுதுவார். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பதினான்கு பக்கம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவர் கையெழுத்து வைத்தார். வைக்கமுன்னே ஒவ்வொன்றையும் என்னைக்கொண்டு தமிழில் வாசிப்பித்தார். ஆறாம் பக்கத்தில் ஒரு நேரம் பிழையாக இருந்தது. அதைத் திருத்தும்வரை கையெழுத்து வைக்கவில்லை.